பழைய எடிஷன் எதிரியை ஐந்தாம் எடிஷனுக்குக் கொண்டுவருவது எப்படி: டிஎம்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, அதை நடத்துகிறவர்தான் டிஎம். அதன் பழைய அட்வென்ச்சர் ஒன்றை, அதாவது எழுதி வைத்த கதை ஒன்றை, ஐந்தாம் எடிஷனில் ஓட்டலாம் என்று உட்கார்ந்தால், இரண்டாவது பக்கத்திலேயே ஓகர் என்ற முரட்டுப் பிராணி ஒன்று நிற்கும். பக்கத்தில் ஏசி 5, ஹிட் டைஸ் 4+1, தாக்கோ 17 என்று எழுதியிருக்கும் (அடிபடாமல் தப்பும் திறன், உயிரின் அளவு, அடிக்கும் திறன்; விவரம் முதல் படியில்). பலரும் இங்கே இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஐந்தாம் எடிஷன் புத்தகத்தில் ஓகர் பக்கத்தைத் திறந்து அப்படியே மேஜைமேல் வைத்துவிடுவார்கள், அது பெரும்பாலும் சரியாகவே வரும். அல்லது கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொரு எண்ணாக மாற்ற ஆரம்பிப்பார்கள். அதில்தான் வம்பு.

எண்ணுக்கு எண் சூத்திரம் தேடி அலைய வேண்டாம். பழைய சண்டையிலிருந்து புதுச் சண்டைக்கு வந்து சேரவேண்டியவை இரண்டுதான். நம் ஆட்கள் முன்னால் அந்த எதிரி எத்தனை ரவுண்டு (எல்லாருக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும் சுற்று) தாக்குப்பிடித்தான் என்பது ஒன்று, நம்மாள் ஒருத்தரைச் சாய்க்க அவனுக்கு எத்தனை அடி தேவைப்பட்டது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் ஏறக்குறைய பொருந்திவிட்டால் ஏசி 15ஆக இருந்தால் என்ன, 11ஆக இருந்தால் என்ன, விளையாடுகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது.

எந்தக் காலத்து எதிரி?

விளையாட்டு 1974ல் வந்தது. 1977ல் அட்வான்ஸ்டு வரிசையின் முதல் மான்ஸ்டர் புத்தகம், 1981ல் பேசிக், எக்ஸ்பர்ட் பெட்டிகள், 1989ல் அட்வான்ஸ்டின் இரண்டாம் எடிஷன், 2000ல் மூன்று, 2003ல் மூன்றரை, 2008ல் நான்கு, 2014ல் ஐந்து, 2024ல் ஐந்தின் திருத்திய விதிகள். மாற்றுகிற வேலைக்கு இதை மூன்று கூட்டமாகப் பார்த்தால் போதும். 2000க்கு முந்தியவற்றில் ஏசி குறையக் குறைய நல்லது. மூன்றிலும் மூன்றரையிலும் எண்கள் எல்லாம் மாடிமேல் மாடியாக ஏறும். நான்கு தனி உலகம், அதைக் கடைசியில் பார்ப்போம்.

கையில் என்ன வேண்டும்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஐந்தாம் எடிஷனின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. திருத்திய விதிகளுக்கான 5.2 தொகுப்பு 2025ல் அதேபோல் வந்தது. இரண்டும் இலவசம். 5.1ல் ஓகர், ட்ரோல், ஓர்க், வெட்டரன், கிளாடியேட்டர் எல்லாரும் இருக்கிறார்கள். இறக்குமதிப் புத்தக விலையைப் பார்த்து மயக்கம் வருகிறவர்கள் இதை இறக்கி, வேண்டிய பக்கங்களை மட்டும் திருவல்லிக்கேணியில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்துகொள்ளலாம். எங்கள் மேஜையில் நாலு வருஷமாகப் புழங்குவது அதுதான், காபிக் கறையோடு.

முதல் படி: பழைய எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும்

அட்வான்ஸ்டு வரிசையில் கவசமே இல்லாதவனுக்கு ஏசி 10. கவசம் ஏற ஏற எண் இறங்கும், மைனஸ் 10 வரை போகும். இன்றைய கணக்குக்கு 20லிருந்து அதைக் கழித்தால் சரி. ஏசி 5 என்றால் 15, ஏசி மைனஸ் 2 என்றால் 22. 1981 பேசிக் பெட்டியில் கவசமில்லாதவன் 9லிருந்து ஆரம்பிப்பான், அங்கே 19லிருந்து கழிக்க வேண்டும். இந்த ஒரு எண் வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டாலும் பெரிய ஆபத்தில்லை.

தாக்கோ என்பது ஏசி 0 உள்ளவனை அடிக்க 20 பக்கப் பகடையில் விழவேண்டிய எண். அதையும் 20லிருந்து கழித்தால் இன்றைய அட்டாக் போனஸ் கிடைக்கும். தாக்கோ 17 என்றால் +3. ஹிட் டைஸ் என்றால் அத்தனை 8 பக்கப் பகடை. 4+1 என்றால் 4டி8+1, சராசரி 19.

இவ்வளவுதான் படிப்பு. இந்த எண்களை அப்படியே ஐந்தாம் எடிஷன் அட்டையில் எழுதிவிடாதீர்கள். ரவுண்டு கணக்குப் போடத்தான் இவை.

இரண்டாம் படி: ரவுண்டை எண்ணுங்கள்

ஒரே ஓகரை மூன்று எடிஷனில் வைத்துப் பாருங்கள். அட்வான்ஸ்டு இரண்டாம் எடிஷனில் ஏசி 15க்குச் சமம், ஹெச்பி (சாய்வதற்கு முன் தாங்கும் அடியின் அளவு) 19, அடிக்க +3, ஒரு அடிக்கு 1 முதல் 10. மூன்றரையில் ஏசி 16, ஹெச்பி 29, அடிக்க +8, அடி 2டி8+7. 2014 ஐந்தாம் எடிஷனில் ஏசி 11, ஹெச்பி 59, அடிக்க +6, அடி 2டி8+4. ஹெச்பி மூன்று மடங்கு ஆகிவிட்டது, ஏசி நாலு குறைந்துவிட்டது. பார்த்தால் வேறு வேறு பிராணி மாதிரி இருக்கும்.

இப்போது சண்டை போடவிடுங்கள். பழைய எடிஷனில் நாலாம் லெவல் ஃபைட்டருக்கு, அதாவது ஆயுதமேந்திய வீரனுக்கு, தாக்கோ 17. ஏசி 5 உள்ள ஓகரை அடிக்க 12 வேண்டும், அதாவது நூற்றுக்கு 45 தடவை படும். அந்த எடிஷனில் நீளவாள் பெரிய உருவங்கள்மேல் 1டி12 அடிக்கும், சராசரி ஆறரை. ஆக ஒரு ரவுண்டுக்கு மூன்று ஹெச்பி சுமாராகப் போகும். நாலு பேர் இதே அளவு அடித்தால் பன்னிரண்டு. ஓகர் இரண்டாவது ரவுண்டில் விழும்.

ஐந்தாம் எடிஷனில் நாலாம் லெவல் ஃபைட்டர், பலம் 18, அடிக்க +6. ஏசி 11க்கு 5 விழுந்தால் போதும், நூற்றுக்கு 80. நீளவாளும் ஒற்றைக் கை ஆயுதத்துக்குக் கூடுதல் அடி தரும் டூயலிங் ஸ்டைலும் சேர்ந்து சராசரி பத்தரை அடி. ரவுண்டுக்கு எட்டு சொச்சம். நாலு பேர் என்றால் முப்பத்துமூன்று. 59 ஹெச்பி ஓகர் இங்கேயும் இரண்டாவது ரவுண்டில்தான் விழுகிறது!

தாத்தா மாசம் முன்னூறு ரூபாய் சம்பளத்தில் குடும்பம் நடத்தினார் என்றால் அவர் பரம ஏழை என்று அர்த்தமில்லை, அன்றைய விலைவாசி அப்படி. 19 ஹெச்பியும் அன்றைய விலைவாசியில் உள்ள 19தான். அதை இன்றைய மேஜையில் அப்படியே வைத்தால் முதல் ஆள் அடித்ததிலேயே பாதி காலி, மூன்றாவது ஆளுக்கு அடிக்க ஓகரே இருக்காது.

மறுபக்கக் கணக்கையும் போடுங்கள். பழைய நாலாம் லெவல் ஃபைட்டருக்குச் சராசரி 22 ஹெச்பி, ஓகரின் அடி சராசரி ஐந்தரை, நாலு அடி வாங்கினால் சாய்வான். புதியவனுக்கு 36 ஹெச்பி, ஓகரின் அடி 13, மூன்று அடியில் சாய்வான். கொஞ்சம் காட்டமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஐந்தில் பூஜ்யத்துக்குப் போனவன் டெத் சேவ் (பிழைப்பானா என்று பார்க்கும் பகடை) போட்டுக்கொண்டு கிடப்பான், பூசாரியான கிளெரிக் ஹீலிங் வேர்ட் என்ற மந்திரத்தைச் சொன்னால் எழுந்துவிடுவான். பழைய எடிஷனில் பூஜ்யம் என்றால் சாவுதான். மைனஸ் 10 வரை தள்ளிப்போடுவது விருப்ப விதி.

மூன்றாம் படி: இருக்கிற பக்கத்தை எடுத்து வேஷம் போடுங்கள்

புதிதாக எதையும் கட்டுவதற்கு முன்னால், ஐந்தாம் எடிஷனில் ஏற்கெனவே அந்தப் பெயரிலோ அந்த வேலைக்கோ ஒரு பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு எதிரிக்கு இதுவே போதும். பெயர் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2025ல் வந்த புது மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க்குக்குத் தனிப் பக்கமே கிடையாது, பொதுவான ஆட்களின் பக்கத்தை வைத்துக்கொண்டு அதற்கு ஓர்க் என்று பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பக்கம் என்பது சட்டை, உள்ளே யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

வேஷம் போடும்போது ஆயுதம், கவசம், ஒரே ஒரு தந்திரம் இந்த மூன்றை மட்டும் மாற்றுங்கள். அந்த ஒரு தந்திரத்தில்தான் எதிரியின் முகம் தெரியும். 2014 ஓர்க்குக்கு அப்படி ஒன்று உண்டு, எதிரியைப் பார்த்து, வழக்கமான செயலுக்கு மேல் கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனில் ஓடிவரும். ஏசி 13, ஹெச்பி 15, பெரிய கோடாலியில் 1டி12+3 என்பதெல்லாம் மறந்துபோகும், அது ஓடிவந்தது ஞாபகம் இருக்கும்.

நான்காம் படி: பக்கம் இல்லையென்றால் நீங்களே கட்டுங்கள்

ஹெச்பி: 2000க்கு முந்தைய எதிரி என்றால் பழைய சராசரியை இரண்டரை முதல் மூன்றால் பெருக்குங்கள். ஓர்க் 4.5லிருந்து 15, ஓகர் 19லிருந்து 59, ட்ரோல் 33லிருந்து 84. மூன்றுக்கும் அந்தக் கணக்கு ஏறக்குறைய உட்காருகிறது. கோப்லின் மாதிரி சின்னதுகளுக்கு இரண்டு மடங்கு போதும். இரண்டாம் எடிஷனின் ராட்சதர்களும் டிராகன்களும் மட்டும் ஜாக்கிரதை, அந்த எடிஷனிலேயே அவர்களைப் பெரிதாக்கிவிட்டார்கள். மலை ராட்சதனுக்கு முதல் எடிஷனில் 8 ஹிட் டைஸ், இரண்டாவதில் 12. அங்கே இரண்டு மடங்கோடு நிறுத்துங்கள்.

மூன்றரையிலிருந்து வந்தால் ஹெச்பி அவ்வளவு ஏறாது, மேலே போகப்போக சமமாகவோ கீழேயோகூட வரும். பேலார் என்ற பெரும் பேயைப் பாருங்கள். மூன்றரையில் 290, ஐந்தில் 262.

ஏசி: மூன்றரை ஆட்களைத் தடுக்கவேண்டிய இடம் இதுதான். அதே பேலாருக்கு மூன்றரையில் ஏசி 35, ஐந்தில் 19. டாராஸ்க் என்ற மகா பிராணிக்கே 35லிருந்து 25. ஐந்தாம் எடிஷனில் இருபதாம் லெவல் ஆளுக்கும் அடிக்க +11, +12தான் இருக்கும், மந்திர வாள் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஏசி 28 வைத்தால் நாலு பேரும் பகடையை உருட்டி உருட்டி ‘மிஸ்’, ‘மிஸ்’ என்று சொல்லிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். சின்ன எதிரிக்கு 12 முதல் 15, கவசம் போட்ட வீரனுக்கு 16 முதல் 18, பெரிய தலைக்கு 19, 20. அதற்குமேல் வைக்க உங்களிடம் நல்ல காரணம் இருக்க வேண்டும்.

அடிக்கும் போனஸ்: பழைய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஐந்தாம் எடிஷன் வழியிலேயே கணக்கிடுங்கள். பலத்தால் வரும் கூட்டல் எண்ணான மாடிஃபையர், கூட பயிற்சிக்கான ப்ரொஃபிஷியன்சி. சேலஞ்ச் ரேட்டிங், அதாவது எதிரி எவ்வளவு கடினம் என்ற எண், 4 வரை +2, 5 முதல் 8 வரை +3, 9 முதல் 12 வரை +4. ஓகருக்குப் பலம் 19, மாடிஃபையர் +4, ப்ரொஃபிஷியன்சி +2, மொத்தம் +6.

அடி: பழைய எண்ணை நம்பாதீர்கள். நம்மாளின் ஹெச்பியைப் பார்த்து, எத்தனை அடியில் சாய வேண்டும் என்று முடிவுசெய்து, அதால் வகுங்கள். 36 ஹெச்பி ஆளை மூன்று அடியில் சாய்க்க வேண்டுமென்றால் அடிக்கு 12, 13. அதைப் பகடையாக எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தது.

ஐந்தாம் படி: மனித வீரன்தான் பெரிய தலைவலி

ஓகர், ட்ரோல் எல்லாம் சுலபம். ‘ஏழாம் லெவல் ஃபைட்டர்’ என்று ஒரே வரியில் எழுதியிருக்கும் மனித எதிரியிடம்தான் நிறைய டிஎம்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய புத்தகத்தில் ஏழாம் லெவல் என்றிருக்கிறதே, பிளேயர் விதிப்படி ஏழாம் லெவல் ஃபைட்டரை உருவாக்கினால் போச்சு என்று நினைப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். பிளேயர் கதாபாத்திரம் ஒரு நாள் முழுக்க ஆறு சண்டை போடுவதற்காகக் கட்டப்பட்டது. ஆக்‌ஷன் சர்ஜ், செகண்ட் விண்டு, சுப்பீரியாரிட்டி டைஸ் என்ற விசேஷச் சக்திகள் எல்லாவற்றையும் ஒரே சண்டையில் இறக்கிவிட்டு அவன் சாகப்போகிறான். கையிலோ அறுபது சொச்சம் ஹெச்பிதான். முதல் ரவுண்டில் யாரையாவது தேவையில்லாமல் கொன்றுவிட்டு, இரண்டாவது ரவுண்டில் தானும் போய்விடுவான். பழைய எடிஷனில் பிளேயரும் எதிரியும் ஒரே அச்சில் வார்த்தவர்கள், அதனால் அங்கே ஒரு வரி போதுமாக இருந்தது. ஐந்தில் இரண்டும் வெவ்வேறு அச்சு.

எங்கள் விளையாட்டில் வரும் நகரம் கொஞ்சம் பழைய மெட்ராஸ் மாதிரி, கடலோரம் ஒரு கோட்டை, அதைச் சுற்றி கிடங்குகள், ஜார்ஜ் டவுன் சந்து போல நெரிசல். அங்கே துறைமுகத்தை மிரட்டி வைத்திருக்கும் கூலிப்படைத் தலைவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் ஏழாம் லெவல் ஃபைட்டர், பிளேட் மெயிலும் கேடயமும் சேர்ந்து ஏசி 2, ஹெச்பி 40, தாக்கோ 14, +1 வாளும் பலம் 17ம் சேர்ந்து அடிக்க இன்னொரு +2, அடி 1டி8+2, இரண்டு ரவுண்டுக்கு மூன்று தாக்குதல்.

ஆறாம் லெவல் ஆட்கள் நாலு பேர் அவனை எதிர்த்தால்? தாக்கோ 15, வாள், பலம் எல்லாம் சேர்த்து 13 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி 2க்கு 11 வேண்டும், பாதிக்குப் பாதி படும். ஒருத்தருக்கு ரவுண்டுக்கு மூன்று சொச்சம், நாலு பேருக்குப் பதின்மூன்று. தலைவன் மூன்று ரவுண்டு நிற்கிறான், நாலாவதில் சாய்கிறான். இதுதான் நமக்கு வேண்டிய விடை.

ஐந்தாம் எடிஷனில் ஐந்தாம் லெவல் குழு. ஃபைட்டருக்கு இரண்டு தாக்குதல், +7, ஏசி 18க்குப் பாதிக்குப் பாதி படும், ரவுண்டுக்குப் பத்தரை. ஒளிந்து குத்தும் ரோகும் கிட்டத்தட்ட அதே அளவு அடிப்பான். மற்ற இருவரையும் அப்படியே கணக்கில் வைத்தால் ரவுண்டுக்கு நாற்பது. மூன்று ரவுண்டு நிற்க 110, 120 ஹெச்பி வேண்டும்.

அந்த அளவில் ஒருத்தன் ஏற்கெனவே இருக்கிறான். கிளாடியேட்டர், சேலஞ்ச் ரேட்டிங் 5, ஏசி 16, ஹெச்பி 112, ரவுண்டுக்கு மூன்று தாக்குதல், +7, ஈட்டி அடி 2டி6+4. ஈட்டியைப் பிடுங்கி வாளைக் கொடுங்கள், அடியின் எண்ணை மாற்ற வேண்டாம். செயின் மெயிலும் கேடயமும் போட்டால் 16ம் 2ம் பதினெட்டு, பழைய ஏசி 2 அதுதானே. பிளேட்டும் கேடயமும் போட்டுவிடாதீர்கள், ஐந்தில் அது 20 ஆகிவிடும்.

ஏசியை ஏற்றினோமே, ரேட்டிங் மாறுமா? 2014 டஞ்சன் மாஸ்டர் புத்தகத்துக் கணக்கில் பார்த்துவிடலாம். ஹெச்பி 101 முதல் 115 வரை ரேட்டிங் 3, அதற்கு எதிர்பார்க்கும் ஏசி 13. நம்மாளிடம் ஐந்து அதிகம், ஒவ்வொரு இரண்டுக்கும் ஒரு படி ஏறும், ஆக 5. அடிக்கும் பக்கம், ரவுண்டுக்கு 33 என்றால் ரேட்டிங் 5, எதிர்பார்க்கும் போனஸ் +6, நம்மிடம் +7, ஒரு எண் வித்தியாசத்துக்குப் படி ஏறாது. இரண்டின் சராசரி 5. ஏற்றிய பிறகும் அதே ஐந்துதான்.

அடி மட்டும் பழையதைவிட அதிகம் என்பது உண்மை. பழைய தலைவன் ஒரு ஃபைட்டரைத் தனியாகச் சாய்க்க ஆறு ரவுண்டு எடுப்பான், இவன் மூன்றுக்குள் முடித்துவிடுவான். நான் அப்படியே விட்டுவிடுவேன், காரணம் மேலே சொன்ன ஹீலிங் வேர்ட்தான். உங்கள் குழுவில் கிளெரிக்கே இல்லை, அல்லது புதிதாக விளையாட வந்தவர்கள் என்றால் மூன்று தாக்குதலை இரண்டாக்குங்கள்.

சேவ், அதாவது மந்திரம், விஷம் போன்றவற்றிலிருந்து தப்ப உருட்டும் பகடை, அதை மறக்காதீர்கள். பழைய இரண்டாம் எடிஷனில் ஏழாம் லெவல் வீரன் மந்திரத்துக்கு எதிராக 13 போட்டால் தப்பிப்பான், விஷம் என்றால் 10. கிளாடியேட்டருக்குப் பலம், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் நன்றாக இருக்கிறது, விஸ்டம் (மனத்தெளிவு) சேவ் வெறும் +1. விஸர்ட் ஒரு ஹோல்ட் பெர்சன் போட்டால் முதல் ரவுண்டிலேயே தலைவன் மரம் மாதிரி நிற்பான், சுற்றி நின்று எல்லாரும் கிரிட்டிக்கல் (இரட்டைப் பகடை அடி) அடிப்பார்கள். விஸ்டம் சேவையும் +4 ஆக்கிவிடுங்கள். லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தவறிய சேவை வெற்றியாக்கிக்கொள்ளும் சக்தி) தரவேண்டிய அளவுக்கு இவன் பெரிய ஆள் இல்லை. தனியாக நின்று முழுக் குழுவையும் எதிர்க்கும் கடைசி வில்லனுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சின்ன வீரர்களுக்கு: பழைய முதல், இரண்டாம் லெவல் காவலாள் என்றால் புத்தகத்தில் கார்டு என்ற பக்கம், மூன்று நாலு லெவல் என்றால் தக், ஐந்தாம் லெவல் சார்ஜெண்ட் மாதிரி ஆளுக்கு வெட்டரன் அல்லது நைட். ஒன்பதாம் லெவலுக்கு மேல் போனால் கிளாடியேட்டரின் ஹெச்பியை ஏற்றுங்கள், ரியாக்‌ஷனில் ஒரு தாக்குதல் கொடுங்கள், போதும்.

ஆறாம் படி: விசேஷ சக்திகள்

எண்ணைவிட இதில்தான் பழைய எடிஷனின் வாசனை இருக்கிறது, கவனமாகச் செய்யுங்கள். ட்ரோலுக்குப் பழைய எடிஷனில், அடிபட்ட மூன்றாவது ரவுண்டிலிருந்து ரவுண்டுக்கு 3 ஹெச்பி திரும்ப வளரும், ஐந்தில் ஒவ்வொரு முறையும் 10. ஹெச்பி ஏறிய ஏறக்குறைய அதே விகிதத்தில் இதுவும் ஏறியிருப்பதைப் பாருங்கள். எந்தச் சக்தியிலாவது ஹெச்பி எண் வந்தால் இதே பெருக்கல்தான்.

‘சேவ் தவறினால் சாவு’ என்று பழைய விஷங்களுக்கு எழுதியிருக்கும். ஐந்தில் அதை வைத்தால் கோபத்தில் பகடை பறக்கும். ராட்சதச் சிலந்தியை மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள், கான்ஸ்டிட்யூஷன் சேவ், தவறினால் 2டி8 விஷ அடி, அதில் பூஜ்யத்துக்குப் போனவன் சாகமாட்டான், ஒரு மணி நேரம் அசையாமல் கிடப்பான். பயம் அப்படியே இருக்கும், புதுக் கதாபாத்திரம் எழுத வேண்டியிருக்காது. வைட் என்ற பிணப்பேய் தொட்டால் ஒரு லெவலே போய்விடும் என்ற பழைய விதி ஐந்தில் அதிகபட்ச ஹெச்பியைக் குறைப்பதாக மாறிவிட்டது, ஒரு லாங் ரெஸ்ட் (இரவு முழுக்க ஓய்வு) எடுத்தால் சரியாகிவிடும். எனக்கு இது ரொம்ப மென்மையாகப் படுகிறது, எங்கள் மேஜையில் ஊருக்குத் திரும்பும்வரை அது சரியாகாது.

மேஜிக் ரெசிஸ்டன்ஸ் 50 சதவீதம் அல்லது அதற்குமேல் இருந்தால் ஐந்தாம் எடிஷனின் அட்வான்டேஜ் (சேவில் இரண்டு பகடை உருட்டி பெரியதை எடுப்பது) கொடுங்கள், 20, 25 சதவீதம் என்றால் விட்டுவிடலாம். ‘+1 ஆயுதம் இருந்தால்தான் அடிபடும்’ என்பதற்கு 2014 விதிப்படி சாதாரண ஆயுதங்களுக்கு ரெசிஸ்டன்ஸ் (பாதி அடிதான் படும்) கொடுக்கலாம். 2025 மான்ஸ்டர் மேனுவலில் அந்த வகையையே எடுத்துவிட்டார்கள், அதை வைத்து விளையாடினால் ஹெச்பியைக் கொஞ்சம் ஏற்றிச் சரிக்கட்டுங்கள். மந்திரவாதி எதிரி என்றால் இருபது மந்திரத்தையும் மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். அவன் உயிரோடு இருக்கப்போவது மூன்று ரவுண்டு, மூன்று மந்திரமும் தப்பிக்க ஒன்றும் போதும். அதில் ஒன்றுக்குமேல் கான்சன்ட்ரேஷன் (கவனம் வைத்துப் பிடித்திருக்க வேண்டிய மந்திரம்) வேண்டாம்.

பழைய சேவ் பெயர்கள்: விஷம், சாவு, கல்லாவது எல்லாம் கான்ஸ்டிட்யூஷன், மூச்சுத் தீ, மந்திரக்கோல் டெக்ஸ்டெரிட்டி, மனதை மயக்குவது விஸ்டம்.

ஏழாம் படி: எத்தனை பேர், எப்போது ஓடுவார்கள்

பழைய அட்வென்ச்சரில் ஒரே அறையில் பன்னிரண்டு ஓர்க் இருப்பார்கள். அந்தக் காலத்து டிஎம்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1981 பேசிக்கில் ஸ்லீப் மந்திரம் 2டி8 ஹிட் டைஸ் அளவுக்குத் தூங்கவைக்கும், சேவ் கிடையாது, சராசரியாக ஒன்பது ஓர்க் ஒரே மந்திரத்தில் குறட்டை விடும். 2014 ஸ்லீப் 5டி8 ஹெச்பிதான், சராசரி 22, ஒரு ஓர்க்குக்குமேல் தேறாது. பன்னிரண்டு பேரையும் அப்படியே வைத்தால் மூன்றாம் லெவல் குழு அந்த அறையை விட்டு வெளியே வராது. பாதியாக்குங்கள். மிச்சம் பேரை அடுத்த அறையில் வையுங்கள், சத்தம் கேட்டு இரண்டு ரவுண்டு கழித்து வரட்டும். 2014 விதியில் எண்ணிக்கைக்கேற்ப எக்ஸ்பியை (எதிரியை வென்றால் கிடைக்கும் மதிப்பெண்) பெருக்கிப் பார்க்க வேண்டும், மூன்று முதல் ஆறு பேர் வரை இரண்டு மடங்கு, பன்னிரண்டு பேருக்கு மூன்று மடங்கு. அதைப் பார்த்தாலே கும்பல் எவ்வளவு ஆபத்து என்று தெரியும்.

மோரேலை, அதாவது எதிரியின் மனத்துணிவு எண்ணை, மட்டும் பழையபடியே கொண்டுவாருங்கள். மாற்றவே வேண்டாம். பேசிக்கில் ஓர்க்குக்கு மோரேல் 8. அவர்கள் பக்கம் முதல் ஆள் செத்ததும் ஒரு தடவை, பாதிப் பேர் போனதும் ஒரு தடவை 2டி6 உருட்டுங்கள், 8ஐத் தாண்டினால் ஓடுவார்கள். நூற்றுக்கு 28 தடவை முதல் சாவிலேயே ஓட்டம். இரண்டாம் எடிஷனில் எண் 20 வரை இருக்கும், அங்கே 2டி10. வேளச்சேரியில் ஞாயிறு சாயங்காலம் ஆரம்பிக்கும் எங்கள் ஆட்டத்தில் இரண்டு பேர் கடைசிப் பறக்கும் ரயிலைப் பிடித்தாக வேண்டும். மோரேல் இல்லாவிட்டால் ஜெயித்தது தெரிந்த பிறகும் மிச்சமுள்ள மூன்று ஓர்க்கை அடித்துக்கொண்டே இருப்போம், "டேய், இன்னும் சாகலையாடா இவன்?" என்று யாராவது கேட்கும்வரை.

நான்காம் எடிஷன் ஆட்கள்

சுருக்கமாக. அங்கே 30 லெவல், இங்கே 20, எனவே லெவலை மூன்றில் இரண்டாக்கிக்கொள்ளுங்கள். அங்கே சண்டை நீளம், ஹெச்பி மூட்டை மூட்டையாக இருக்கும், அதைப் பார்க்காமல் மூன்று ரவுண்டு கணக்கிலேயே போடுங்கள். ஒரு ஹெச்பி மட்டுமே உள்ள மினியன் என்ற அடியாட்களை ஏழு ஹெச்பி ஆளாக்கி, அடியைப் பகடை இல்லாமல் ஒரே எண்ணாக வையுங்கள். சக்திகளை மட்டும் தைரியமாகத் திருடலாம், நான்கில் ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு நல்ல தந்திரம் எழுதியிருப்பார்கள். பாதி ஹெச்பிக்கு இறங்கினால் ‘பிளடீட்’ என்று நடத்தை மாறும் அந்த விதி 2024ல் திரும்ப வந்துவிட்டது.

எட்டாம் படி: ஓட்டிப் பாருங்கள், பிறகு மேஜையில் திருகுங்கள்

அட்டையில் எழுதியதும் தனியாக உட்கார்ந்து மூன்று ரவுண்டு உருட்டுங்கள். நம் ஆட்களின் சராசரி அடி, எதிரியின் சராசரி அடி, அவ்வளவுதான். எதிரி ஒரே ரவுண்டில் போனாலோ, ஐந்து ரவுண்டுக்குமேல் இழுத்தாலோ ஹெச்பியை மாற்றுங்கள், வேறெதையும் தொடாதீர்கள்.

மேஜையிலும் உங்களுக்கு இடம் இருக்கிறது. ஓகரின் ஹெச்பி 59 என்று அச்சடித்திருந்தாலும் அது 7டி10+21ன் சராசரிதான், 28லிருந்து 91 வரை எந்த ஓகரும் விதிப்படி நியாயமான ஓகர்தான். சண்டை தொய்ந்தால் குறைந்த பக்கமும், சப்பென்று முடியப் பார்த்தால் மேல் பக்கமும் போகலாம். ஏசியை நடுவில் மாற்றாதீர்கள். ‘17 போட்டேன், போன ரவுண்டில் பட்டதே’ என்று கேட்க ஒருத்தன் எல்லாக் குழுவிலும் இருப்பான்.

கடைசியாக, எதிரியின் இடுப்பைப் பாருங்கள். பழைய அட்வென்ச்சர்கள் +2, +3 வாள்களைத் தாராளமாகத் தொங்கவிட்டிருக்கும், அவன் செத்ததும் அது நம் ஃபைட்டர் கைக்குப் போய்விடும். ஐந்தாம் எடிஷனின் ஏசி எண்கள் மந்திர ஆயுதம் இல்லை என்ற கணக்கில் கட்டப்பட்டவை, ஐந்தாம் லெவலில் ஒரு +3 வாள் கிடைத்தால் நீங்கள் மேலே பாடுபட்டு வைத்த ஏசி எல்லாம் வீண். +3ஐ +1 ஆக்கி, கூடவே சுவாரசியமான ஒரு குணத்தைக் கொடுங்கள். பொய் சொன்னால் சூடாகும் கைப்பிடி, உப்புத் தண்ணீர் பட்டால் ஒளிரும் அலகு, அந்த மாதிரி. எங்கள் துறைமுகத் தலைவனின் வாள் இப்போது ரோகிடம் இருக்கிறது, அதை விற்க முடியாத மாதிரி அதில் முந்தைய முதலாளியின் பெயர் பொறித்திருக்கிறது.